ஒரே கூரையின்கீழ்

நுழையும்முன்

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டவுடன் எழும் முதற்கேள்வி, 'மருந்து என்ன?' என்பது. இரண்டாவது கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை, 'அடுத்து யாருக்கு?' என்பதே அது. இந்த இரண்டாம் கேள்விக்கு விடை தேடிய ஆய்வாளர்கள் கண்ணாடிக் குழாய்களை விட்டெழுந்து வீடு வீடாக நடந்தனர். சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளிலும் மதுரை மாவட்டத்தின் ஊர்களிலும் நிகழ்ந்த அத்தகைய ஆய்வுகளைக் கூறுவது இப்பாடம்.

ஒட்டுவாரொட்டி

தமிழில் 'ஒட்டுவாரொட்டி' என்றொரு சொல் உண்டு. ஒட்டிப் பழகுவோரை ஒட்டிக்கொள்ளும் நோய் என்பது அதன் பொருள். நோய்க்கிருமியை நுண்ணோக்கியில் காண்பதற்கு முன்பே, நெருக்கம்தான் அதன் வழி என்பதை இச்சொல்லைப் புழங்கியோர் அறிந்திருந்தனர். 'தொற்று' என்னும் சொல்லும் அத்தகையதே. கொடி கொழுகொம்பைத் தொற்றிப் படர்வதுபோல் நோயும் ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆளைத் தொற்றுகிறது. ஆனால், எவ்வளவு நெருக்கம்? எத்தனை நாள்? யாரிடமிருந்து யாருக்கு? இவ்வினாக்களுக்குச் சொல் விடை தராது. எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

மதுரை மாவட்டத்தின் மேற்கே, மலைகளை அண்டி அமைந்த பேரூர் எழுமலை. அங்கு ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என ஏழு பேர் அங்கு வாழ்கின்றனர். முன்புறம் திண்ணை, உள்ளே ஒரு கூடம், ஓர் அறை, அடுப்படி. உசிலம்பட்டிக்குச் சென்று வந்த அப்பாவுக்குச் செவ்வாய் இரவு காய்ச்சல் காண்கிறது. வெள்ளியன்று அம்மா இருமுகிறார். சனியன்று கடைசிப் பையனுக்கு உடல் கொதிக்கிறது. மற்ற நால்வரும் நலமாக இருக்கின்றனர்.

முதல் நோயாளியை நீக்கினால் எஞ்சியவர் ஆறு பேர். அவர்களுள் நோயுற்றவர் இருவர். ஆறில் இரண்டு என்பது ஏறத்தாழ 33 விழுக்காடு. இவ்வாறு கணக்கிடுவதை 'இரண்டாம்நிலைத் தொற்று விகிதம்' என்பர். கணக்கு எளிது, அதை நம்புவதுதான் கடினம். ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒரு திருமணத்திற்கு அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே சென்றிருந்தால், இருவரும் அங்கேயே தொற்றைப் பெற்றிருக்கலாம்; அப்போது அம்மாவுக்கு அது வீட்டில் வந்ததன்று. பாட்டிக்கும் தொற்று ஏற்பட்டு, அறிகுறி ஏதுமின்றிப் போயிருக்கலாம். அப்போது கணக்கில் ஒருவர் குறைகிறார். இன்னும் ஒன்று. பள்ளியிலிருந்து நோயைக் கொண்டுவந்தவன் பையனாகவே இருந்து, அவனுக்குக் காய்ச்சல் மட்டும் பிந்தி வெளிப்பட்டிருக்கலாம். முதலில் நோயுற்றவரே முதலில் தொற்றுற்றவர் என்று சொல்லிவிட இயலாது.

இந்த ஐயங்களைத் தீர்க்க ஒரு வீடு போதாது. நூற்றுக்கணக்கான வீடுகள் வேண்டும். அவ்வீடுகளுக்குத் திரும்பத் திரும்பச் செல்லும் பொறுமை வேண்டும். அங்கிருந்து எடுத்துவரும் மாதிரியைச் சோதிக்க நல்ல ஆய்வகம் வேண்டும்.

சேத்துப்பட்டில் ஒரு குலுக்கல்

இவ்வாறு எண்ணிப் பார்த்தவர்களுள் முன்வரிசையில் வைக்கத்தக்கோர் நம் சென்னையில் பணியாற்றியவர்கள். அவர்கள் ஆராய்ந்தது காசநோயை. காசநோய் பாக்டீரியாவால் வருவது, மெல்லப் பரவுவது. சளிக்காய்ச்சல் வைரஸ் எனப்படும் தீநுண்மியால் வருவது, விரைந்து பரவுவது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். எனினும் இரண்டும் மூச்சின் வழியே வெளிப்பட்டு, ஒரே கூரையின்கீழ் வாழ்வோரை நாடுவன. நோயாளி வீட்டில் இருப்பது குடும்பத்துக்குக் கேடா என்னும் வினாவை, ஊகத்தால் அன்றி ஆய்வால் விடுவிக்க முடியும் என்பதை அவர்களே காட்டினர்.

1950களில் காசநோய் என்றால் சானடோரியம் என்பதே வழக்கு. ஊருக்கு வெளியே, மரங்கள் சூழ்ந்த, காற்றோட்டமான மருத்துவமனையில் நோயாளி மாதக்கணக்கில் தங்க வேண்டும். ஓய்வு, நல்லுணவு, செவிலியர் கவனிப்பு ஆகியவை அங்குக் கிடைக்கும். தாய் சென்றால் பிள்ளைகளைப் பிரிய வேண்டும். உழைப்பவர் சென்றால் வீட்டில் உலை ஏறாது. இவ்வாறு பிரித்து வைப்பதற்குக் காரணங்கள் இரண்டு கூறப்பட்டன: நோயாளி குணமடைய வேண்டும், குடும்பம் தப்ப வேண்டும். ஆயின் சென்னையில் நோயாளிகளோ மிகப் பலர். படுக்கைகளோ மிகச் சில.

1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன இணைந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அதன் ஆய்வுகளை வழிநடத்தினார். இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலும் வறியவர்கள், நெரிசலான வீடுகளில் வாழ்ந்தவர்கள். அவர்களுள் யார் வீட்டில் இருந்தபடி மருந்து உண்பது, யார் சானடோரியத்தில் சேர்வது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. மருத்துவரின் விருப்பத்துக்கோ நோயாளியின் விருப்பத்துக்கோ அதில் இடமில்லை. இந்த ஒரு நுணுக்கமே அவ்வாய்வின் உயிர். நலிந்தோரைச் சானடோரியத்துக்கும் தெம்புள்ளோரை வீட்டுக்கும் அனுப்பியிருந்தால், கிடைக்கும் எண்களால் எதையும் மெய்ப்பித்திருக்க முடியாது.

இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகள் தரப்பட்டன. வீட்டிலிருந்தோர் மருந்தை ஒழுங்காக உண்கின்றனரா என்று அறிய, பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரில் மருந்தின் தடயம் உள்ளதா என்று சோதித்தனர். சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் மருந்தை உண்ணாமல் விட்டவரையும் உண்டவரையும் ஒரே தட்டில் வைத்தால் ஆய்வு பொய்த்துவிடும்.

ஓராண்டின் முடிவில், சானடோரியத்தில் இருந்தோருள் 92 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தோருள் 86 விழுக்காட்டினருக்கு அடங்கியிருந்தது. நல்லுணவும் ஓய்வும் சானடோரியத்தாருக்கே மிகுதி. அப்படியிருந்தும் வேறுபாடு இவ்வளவே.

நம் பாடத்துக்கு இதைவிட முதன்மையானது அடுத்த முடிவு. இரு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஆய்வாளர்கள் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். மார்பு ஊடுகதிர்ப் படம் எடுத்தனர். மறுபடியும் மறுபடியும் சோதித்தனர். நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் புதிதாக நோயுற்றோர் மிகுதியாக இருப்பர் என்பதே பலருடைய எதிர்பார்ப்பு. அவ்வாறு நிகழவில்லை. நோயாளியைப் பிரித்து வைத்த குடும்பத்துக்கும் வைக்காத குடும்பத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஏன்? நோய் இன்னதென்று கண்டறியும் முன்பே, நோயாளி பல வாரங்கள் அவ்வீட்டில் இருமியிருக்கிறார். பரவ வேண்டியதில் பெரும்பகுதி அப்போதே பரவிவிட்டது. மருந்து தொடங்கியபின் கிருமிகளை வெளிவிடும் ஆற்றல் விரைந்து குறைகிறது. எனவே, ஒரு தாயை ஓராண்டு பிரித்து வைத்ததால் பிள்ளைகளுக்குக் கூடுதல் காப்பு கிட்டவில்லை. இந்த முடிவுக்குப் பின்னர் உலக நாடுகள் பலவும் காசநோய் மருத்துவத்தைச் சானடோரியத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தன. சேத்துப்பட்டு மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் அங்கேயே இயங்குகிறது.

காற்றில் மிதப்பவை

நோய்க்கிருமி ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலை எவ்வாறு அடைகிறது? இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் நீர்த்திவலைகள் வாயிலிருந்து வெளிப்படுகின்றன. பெரியவை சில அடித் தொலைவில் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை விழுமுன்பே உலர்ந்துவிடும். அவற்றில் இருந்த கிருமி நுண்துகளாகக் காற்றில் மிதக்கும். அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் 1934இல் இதை விளக்கினார். அவருடைய மாணவர் ரிச்சர்டு ரைலி, பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் ஆறு படுக்கைகள் கொண்ட காசநோய்க் கூடத்தின் காற்றைக் குழாய் வழியே கொண்டுசென்று, கினிப் பன்றிகள் வாழும் அறைக்குள் செலுத்தினார். அவ்விலங்குகள் நோயாளிகளைத் தொட்டதில்லை. அருகில் சென்றதும் இல்லை. இருந்தும் அவற்றுள் சில நோயுற்றன. புற ஊதாக் கதிர் பாய்ச்சப்பட்ட காற்றைச் சுவாசித்த மற்றொரு தொகுதிக்கு நோய் வரவில்லை. மூச்சுக்காற்றே ஊர்தி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் 1899இலும், குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையம் 1907இலும் தொடங்கப்பட்டவை. 1957ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய புதுவகை இன்புளூயன்சா காய்ச்சல், மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பல் வழியே இந்தியாவுக்குள் நுழைந்தது. அதனை ஆராய்ந்த பணியில் குன்னூர் நிலையத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அடுத்த ஆண்டின் தொடக்கத்துக்குள் நாட்டில் 44 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. அக்காலத்தில் தீநுண்மியை வளர்க்கக் கருவுற்ற கோழிமுட்டைகளைப் பயன்படுத்தினர்.

ஆய்வகம் சொல்லும் சாட்சி

எழுமலை வீட்டைப் பற்றி எழுந்த ஐயங்களுக்குத் திரும்புவோம். பாட்டிக்கு அறிகுறியின்றித் தொற்று ஏற்பட்டதா என்பதை அவருடைய முகம் சொல்லாது, குருதி சொல்லும். தொற்று ஏற்பட்ட உடல், அக்கிருமிக்கென்றே எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. நோயின் தொடக்கத்தில் ஒருமுறையும், இரண்டு மூன்று வாரங்கள் கழித்து ஒருமுறையும் குருதி எடுத்து ஒப்பிட்டால், எதிர்ப்பொருள் பெருகியதா என்பது புலப்படும். குன்னூர், கிண்டி போன்ற ஆய்வகங்களின் பழைய கருவி இதுவே.

இன்று விரைவான கருவி ஒன்று உள்ளது. மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர். எழுமலையில் எடுத்த மாதிரி உசிலம்பட்டி வழியாக மதுரைக்குச் செல்லும். அங்கே தீநுண்மியின் ஆர்.என்.ஏ. இழை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றப்பட்டு, பின்னர்ச் சுழற்சிதோறும் இரட்டிப்பாக்கப்படுகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பதாவது சுழற்சியில் ஒரே ஓர் இழை 107 கோடியைக் கடந்துவிடும். சதுரங்கக் கட்டங்களில் நெல்மணிகளை இரட்டித்து வைத்த கதையை நினைவுகூர்க. கருவிக்குப் புலப்படும் அளவை மாதிரி எத்தனையாவது சுழற்சியில் எட்டுகிறது என்பதும் ஒரு செய்தி. குறைந்த சுழற்சியிலேயே புலப்பட்டால் தொடக்கத்தில் தீநுண்மி மிகுதியாக இருந்தது என்று பொருள்.

அம்மாவுக்குத் தொற்று வீட்டில் வந்ததா, திருமணத்தில் வந்ததா என்பதற்கு மரபணு வரிசை துணைபுரியும். கொரோனா தீநுண்மியின் மரபுச் செய்தி ஏறத்தாழ 30,000 எழுத்துகளால் ஆனது. படியெடுக்கும்போது அவ்வப்போது ஓர் எழுத்து பிழைபடும். பழைய ஏடுகளைப் படியெடுத்தோர் செய்த பிழைகளைக் கொண்டு, எந்த ஏட்டிலிருந்து எந்த ஏடு எழுதப்பட்டது என்று பதிப்பாசிரியர்கள் கண்டறிவதை நாம் அறிவோம். மரபணு ஆய்வாளர் செய்வதும் அதுவே. இருவரிடம் உள்ள தீநுண்மிகளில் பிழைகள் பெரிதும் மாறுபட்டிருந்தால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவவில்லை எனத் துணியலாம். ஒன்றாகவே இருந்தால் பரவியிருக்கலாம் என்று மட்டுமே சொல்லலாம். இருவரும் ஒரே இடத்தில் பெற்றிருக்கவும் கூடும். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு சென்னையில் இதற்கென ஓர் ஆய்வகத்தைத் தொடங்கியது.

வீட்டுக்குள் நோயைக் கொண்டுவருபவர் யார் என்னும் வினாவுக்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நடந்த நெடிய ஆய்வு விடை கூறியது. ஜான் டிங்கிள் என்பவரின் தலைமையில் 1948 முதல் 1957 வரை, களப்பணியாளர்கள் வாரந்தோறும் அதே குடும்பங்களுக்குச் சென்று 25,000 நோய் நிகழ்வுகளைப் பதிந்தனர். சளியை வீட்டுக்குள் கொண்டுவருவதில் முன்நின்றோர் பள்ளி செல்லும் சிறுவர்கள். தந்தையரைக் காட்டிலும் தாயரே மிகுதியாகச் சளியுற்றனர். மூக்கைத் துடைத்துவிட்டு, மடியில் கிடத்தி, இரவு விழித்திருப்பவர் யார் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. அண்மையில் தென்னாப்பிரிக்காவில், வாரம் இருமுறை வீட்டார் அனைவரிடமும் மாதிரி எடுத்துச் செய்த ஆய்வு, அறிகுறியே இல்லாதவரும் இன்புளூயன்சாவைப் பரப்புவதைக் காட்டியது.

தமிழ்நாடு, 2020

2020 மார்ச் 25 அன்று கொரோனாவால் தமிழ்நாட்டின் முதல் உயிரிழப்பு மதுரையில் நிகழ்ந்தது. அதனைத் தொடர்ந்த மாதங்களில் ஒவ்வொரு நோயாளியின் தொடர்பிலிருந்தோரையும் தேடிச் செல்லும் பணி ஊர்தோறும் நடந்தது. சுகாதார ஆய்வாளர்களும் கிராமச் செவிலியர்களும் பட்டியல் எழுதினர். யாருடன் உண்டீர்கள்? யாருடன் உறங்கினீர்கள்? எந்த வண்டியில் சென்றீர்கள்? வெயிலில் நடந்து எழுதிய அப்பட்டியல்கள் உலகின் மிகப் பெரிய தொற்றாய்வுகளுள் ஒன்றுக்கு மூலப்பொருளாகும் என்று எழுதியவர்கள் அன்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் இத்தகைய பதிவுகளை ரமணன் லட்சுமிநாராயணும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, அதே ஆண்டில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேர். தொடர்பிலிருந்தோர் பலரும் அறிகுறி இருப்பினும் இல்லாவிடினும் சோதிக்கப்பட்டிருந்தனர் என்பது இத்தரவின் சிறப்பு. பொது இடத்தில் தொடர்பு கொண்டோருள் 2.6 விழுக்காட்டினருக்கும், ஒரே வீட்டில் வாழ்ந்தோருள் 9 விழுக்காட்டினருக்கும் தொற்று கண்டறியப்பட்டது. வீடே ஆபத்து மிகுந்த இடம் என்பது உறுதியாயிற்று. அதே எண்ணை மறுபுறம் திருப்பிப் பாருங்கள். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தொற்று கண்டறியப்படவில்லை. நோயாளிகளுள் ஏறத்தாழ 71 விழுக்காட்டினரிடமிருந்து, அறியப்பட்ட தொடர்பாளர் எவருக்கும் நோய் சென்றதாகத் தெரியவில்லை. மாறாக, 8 விழுக்காட்டினரே புதிய தொற்றுகளில் 60 விழுக்காட்டுக்குக் காரணமாயினர். ஒத்த வயதினரிடையே, குறிப்பாகச் சிறுவரிடையேயும் முதியோரிடையேயும், பரவல் மிகுந்திருந்தது. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு என்பதைவிடத் தாத்தாவிடமிருந்து பாட்டிக்கு என்பதே வலுவான வழி.

இவ்வெண்களை அப்படியே ஏற்கலாமா? இங்கேதான் மதுரை மாவட்டம் நமக்குப் பாடம் கற்பிக்கிறது. 2020 மே 20 முதல் அக்டோபர் 31 வரை அங்குச் செய்யப்பட்ட 4,40,253 சோதனைகளில் 15,781 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அறிகுறி ஏதுமில்லை. அக்காலத்தின் இறுதியில் மாவட்ட மக்களின் குருதி மாதிரிகளில் எதிர்ப்பொருளைத் தேடியபோது, பதினைந்து வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் அது இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 30 இலட்சத்துக்கும் மேல். அவ்வாறாயின், தொற்றுற்றவர் பல இலட்சம் பேர்; சோதனையில் அகப்பட்டவரோ சில ஆயிரம் பேர். மற்றவர் தமக்கு நோய் வந்ததை அறியாமலே அதைக் கடந்துசென்றனர்.

ஆகவே வீட்டுக்குள் 9 விழுக்காடு என்பதைக் கீழெல்லையாகவே கொள்ள வேண்டும். ஒரு நாள் எடுத்த மாதிரியில் இல்லை என்று வந்தவருக்கு, அதற்கு முன்னோ பின்னோ தொற்று இருந்திருக்கலாம். இதனால் ஆய்வு பழுதாகிவிடாது. அளவுகோலின் நீளம் இவ்வளவே என்று அறிந்து அளப்பதுதான் அறிவியல். குச்சிச் சோதனை 'இன்று யார்' என்பதைச் சொல்கிறது. குருதிச் சோதனை 'இதுவரை யார்' என்பதைச் சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தபோதுதான் மதுரையின் முழுப்படம் தெரிந்தது.

பட்டியலில் பெயர் சொல்லும் துணிவு

இவ்வாய்வுகள் எல்லாம் ஒன்றையே நம்பி நிற்கின்றன: கதவைத் தட்டியவரிடம் வீட்டார் மெய் கூற வேண்டும். அவ்வாறு கூறுவது 2020இல் எளிதாக இருக்கவில்லை. நோய்கண்ட வீட்டின் வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. சில தெருக்கள் தகரத்தால் அடைக்கப்பட்டன. அண்டை வீட்டார் முகம் திருப்பினர். பால்காரர் வரத் தயங்கினார். தன்னுடன் உண்டவரின் பெயரைச் சொல்வது அவரைக் காட்டிக்கொடுப்பதாகும் என்று அஞ்சியோர் பலர். அச்சம் பெருகும் ஊரில் பட்டியல் சுருங்கும். பட்டியல் சுருங்கினால் ஆய்வின் எண்ணும் பொய்க்கும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், உரிய அதிகாரியின் சட்டப்படியான ஆணை இன்றி நோயாளிகளின் வீடுகளில் அறிவிப்பு ஒட்டக்கூடாது என்று கூறியது. அது நோயாளியின் மானம் பற்றிய தீர்ப்பாகவே பேசப்பட்டது. நோயைக் கணக்கிடும் ஆய்வுக்கும் அது நன்மை செய்தது என்றே இப்பாடத்தை எழுதுவோர் கருதுகின்றனர்.

காசநோய்க்குச் சேத்துப்பட்டு கண்ட விடையை அப்படியே சளிக்காய்ச்சலுக்குப் பொருத்துவது சரியன்று. காசநோயை அடக்கும் மருந்து நோயாளியின் மூச்சிலிருந்து கிருமியை நீக்குகிறது. பெரும்பாலான மூச்சுத் தீநுண்மிகளுக்கு அத்தகைய மருந்து வீட்டில் இல்லை. இன்புளூயன்சாவில் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நோய் செல்ல இரண்டு மூன்று நாள்களே போதும். எனவே காற்றும் இடைவெளியும் முகக்கவசமும் இங்கு மருந்தின் இடத்தை ஓரளவு ஏற்கின்றன.

ஓர் அறையின் காற்றோட்டத்தை அளக்க எளிய வழி உண்டு. நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு மிகுதி. திறந்த வெளியில் அது பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 420 பங்கு இருக்கும். கதவும் சன்னலும் மூடிய அறையில் ஐவர் உறங்கினால் சில மணி நேரத்தில் ஆயிரத்தைக் கடந்துவிடும். ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் உள்ளிழுக்கின்றனர் என்பதன் அளவு அது. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தால் அவ்வெண் இறங்குவதைச் சிறு கருவியிலேயே காணலாம். நம் பழைய வீடுகளின் திண்ணையும் முற்றமும் இந்நோக்கில் மீண்டும் ஆராயத்தக்கன. திண்ணையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் அப்பாவின் மூச்சு தெருக்காற்றில் கலந்து கரைந்துவிடும். ஒரே அறையும் ஒரே சன்னலும் உள்ள வாடகை வீட்டில் வாழும் குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. 'நோயாளியைத் தனி அறையில் வையுங்கள்' என்னும் அறிவுரையை அவ்வீட்டு வாசலில் நின்று சொல்லிப் பார்த்தால், அது எத்தனை பேரால் பின்பற்றத்தக்கது என்பது விளங்கும்.

எழுமலை வீட்டில் இன்னும் ஒருவர் இருக்கிறார். காய்ச்சலோடு அடுப்படியில் நிற்கும் அம்மா. கிளீவ்லாந்து ஆய்வில் தாயருக்கு மிகுந்திருந்த அந்த எண்ணிக்கைக்குள் அவரும் அடங்குவார். அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பவர் யார், அவர் முகக்கவசம் அணிந்திருக்கிறாரா, சன்னல் திறந்திருக்கிறதா என்பவை அடுத்த வாரக் கணக்கை முடிவு செய்யும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பில் சென்ற மாதம் சளிக்காய்ச்சல் வந்த மாணவர்களின் வீடுகளில், அடுத்த ஏழு நாள்களுக்குள் எத்தனை பேர் நோயுற்றனர் என்பதைப் பெயர் குறிப்பிடாமல் திரட்டி, இரண்டாம்நிலைத் தொற்று விகிதத்தைக் கணக்கிடுக. உங்கள் கணக்கில் ஏற்படக்கூடிய பிழைகளையும் எழுதுக.

2. உங்கள் வகுப்பறையின் சன்னல், கதவு ஆகியவற்றின் அமைப்பைப் படமாக வரைந்து, காற்று நுழையும் வழியையும் வெளியேறும் வழியையும் குறித்துக் காட்டுக.

குறுவினா

1. 'ஒட்டுவாரொட்டி' – சொற்பொருள் விளக்கம் தருக.

2. சேத்துப்பட்டு ஆய்வில் குலுக்கல் முறை ஏன் பின்பற்றப்பட்டது?

சிறுவினா

1. ஏடு படியெடுத்தலையும் தீநுண்மியின் மரபணு மாற்றத்தையும் ஒப்பிட்டு எழுதுக.

2. மதுரையில் உறுதியான தொற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிர்ப்பொருள் ஆய்வின் முடிவுக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்ததற்குக் காரணம் கூறுக.

நெடுவினா

நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்தல் குறித்துச் சேத்துப்பட்டு ஆய்வு கூறிய முடிவு, தீநுண்மி நோய்களுக்கு எந்த அளவு பொருந்தும்? பாடச் செய்திகளைக் கொண்டு உங்கள் கருத்தை நிறுவுக.